125 பவுண்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரைத் திருப்பிப் போட்டால் அடியில் ஐந்து திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்றி மேல்மூடியை மெல்லத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு பிளாஸ்டிக் நாடாக்களும் கிழிந்துவிடும். நாற்பது வருடத்தில் அவை மொடமொடத்துப் போயிருக்கும். ஒன்றில் எட்டுத் தடங்கள், இன்னொன்றில் ஐந்து. உள்ளே பெரிய சிப்கள் மூன்றுதான்: இசட்80ஏ என்ற மையச் செயலி, 16 கிலோபைட் ரோம், ஃபெரான்டி கம்பெனியின் 40 கால் சிப் ஒன்று. பக்கத்தில் வரிசையாக நினைவகச் சிப்கள். டி.வி.க்கு வண்ணச் சமிக்ஞை தயாரிக்கும் சின்ன சிப், தகர டப்பாவுக்குள் ஒரு மாடுலேட்டர், ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர், அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் அலுமினியத் தகடு, குட்டியாக ஒரு ஸ்பீக்கர். ஆன்-ஆஃப் சுவிட்ச்கூடக் கிடையாது. கம்ப்யூட்டரை நிறுத்த ஒயரைப் பிடுங்க வேண்டியதுதான்.

1982-ல் இங்கிலாந்தில் வண்ணப் படம், ஒலி, பேசிக் மொழி எல்லாம் சேர்த்து 125 பவுண்டுக்குக் கொடுத்த இயந்திரம் இது. ஸ்பெக்ட்ரம் என்றால் பலரும் அதன் விளையாட்டுகளைச் சொல்வார்கள்; ரப்பர் கீகளைச் சொல்வார்கள்; அதைக் கொண்டுவந்த கிளைவ் சிங்க்ளேரின் பிடிவாதத்தைச் சொல்வார்கள். எனக்கு இந்தக் கதையின் நாயகன் அந்த ஃபெரான்டி சிப். ஸ்பெக்ட்ரமின் சாமர்த்தியமும் அதன் பேர்பெற்ற குறைகளும் பிறந்த இடம் அதுதான். இரண்டுக்கும் காரணமும் ஒன்றே: விலை.

சிங்க்ளேர் முதலில் விலையைத்தான் முடிவு செய்வார். இயந்திரம் அதற்குள் அடங்கியாக வேண்டும். கேம்பிரிட்ஜில் இருந்த அவருடைய கம்பெனி 1980-ல் இசட்எக்ஸ்80-ஐ 99.95 பவுண்டுக்குக் கொண்டுவந்தது. 100 பவுண்டுக்குள் முழுதாகப் பொருத்திய கம்ப்யூட்டர் கிடைப்பது அன்று நம்ப முடியாத சங்கதி. வடிவமைத்தவர் ஜிம் வெஸ்ட்வுட். கடையில் கிடைக்கும் சாதாரணச் சிப்களை வைத்தே போர்டைக் கட்டியிருந்தார். திரையில் எழுத்துக் காட்டும் வேலையையும் செயலியே பார்க்க வேண்டியிருந்ததால், கணக்குப் போடும்போது திரை காலியாகிவிடும். ஒவ்வொரு கீயை அழுத்தும்போதும் ஒருமுறை சிமிட்டும்.

அடுத்த வருடம் மார்ச்சில் இசட்எக்ஸ்81 வந்தது. விலை 69.95 பவுண்டு. விலை குறைந்ததன் சூட்சுமம் ஒரே ஒரு சிப்பில் இருந்தது. முந்தைய போர்டில் 18 சிப்கள் செய்த வேலையை அது தனியாளாகச் செய்தது. அதுதான் யு.எல்.ஏ.

இங்கிலாந்தில் ஓல்டாமுக்குப் பக்கத்தில் ஃபெரான்டி கம்பெனி இந்த வகைச் சிப்பைத் தயாரித்தது; ஸ்பெக்ட்ரமில் இருக்கும் நம் நாயகனும் இதே வகைதான். ஒரு கம்பெனி தனக்கென்று ஒரு சிப்பை அடியிலிருந்து வடிவமைக்க வேண்டுமென்றால் அதற்கு ஆகும் செலவு சிறிய கம்பெனிகளுக்குக் கட்டுபடியாகாது. ஃபெரான்டி கண்ட வழி வேறு. சிலிக்கானில் டிரான்சிஸ்டர்களையும் மின்தடைகளையும் வரிசை வரிசையாக முன்கூட்டியே பதித்து, எதையும் எதோடும் இணைக்காமல் கையிருப்பில் வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் தன் சுற்றைக் கொடுத்ததும் மேலே வரும் உலோக இணைப்புகளை மட்டும் அதற்கேற்பப் போட்டுக் கொடுப்பார்கள். புள்ளிக்கோலம் போல: புள்ளிகள் எல்லோருக்கும் ஒன்றுதான், கோடு இழுப்பதில்தான் ஒரு கோலம் இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. உலோக அடுக்கு ஒன்றுக்கு மட்டும் வடிவமைப்புச் செலவு என்பதால், ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளுக்கு இது நன்றாகவே கட்டுபடியாயிற்று.

இதற்கிடையில் பி.பி.சி. ஒரு கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கி, தன் பெயரில் விற்பதற்கு ஓர் இயந்திரம் தேடியது. வாய்ப்பு ஏகார்ன் கம்பெனிக்குப் போனது. அந்தக் கம்பெனியின் கிறிஸ் கர்ரி ஒரு காலத்தில் சிங்க்ளேரிடம் வேலை பார்த்தவர். பி.பி.சி. மைக்ரோ அருமையான இயந்திரம். ஆனால் அதன் விலை சீக்கிரமே 299, 399 பவுண்டு என்று ஏறிவிட்டது. அந்த விலையில் பாதிக்கும் கீழே, வண்ணத்தோடு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று சிங்க்ளேர் நினைத்தார். உள்ளுக்குள் அதற்கு வைத்திருந்த பெயர் இசட்எக்ஸ்82. வன்பொருளை வடிவமைக்கும் பொறுப்பு ரிச்சர்ட் ஆல்ட்வாஸருக்கு. ரோமுக்குள் போகும் பேசிக்கை எழுதும் வேலை நைன் டைல்ஸ் கம்பெனியின் ஸ்டீவ் விக்கர்ஸுக்கு. வெளித்தோற்றம் ரிக் டிக்கின்சன் கையில்.

ஆல்ட்வாஸர் முன் இருந்த கணக்கு இது. திரையில் அகலவாக்கில் 256 புள்ளி, உயரவாக்கில் 192 புள்ளி. மொத்தம் 49,152. ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு வண்ணத்தில் ஒன்றைத் தனித்தனியே கொடுக்க வேண்டுமானால் புள்ளிக்கு மூன்று பிட் வேண்டும். அப்படியானால் திரைக்கு மட்டும் 18,432 பைட். மலிவு மாடலில் இருக்கப்போகும் நினைவகமே மொத்தம் 16,384 பைட்தான்! படத்தை வைக்கவே இடம் போதாது, புரோகிராமை எங்கே வைப்பது?

அவர் கண்டுபிடித்த வழி நேர்த்தியானது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரு பிட் மட்டும். அதற்கு ஆனது 6,144 பைட். வண்ணத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைக்காமல், எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டத்துக்கு ஒரு பைட் என்று வைத்தார். அந்த ஒரு பைட்டில் மூன்று பிட் எழுத்தின் நிறம், மூன்று பிட் பின்னணி நிறம், ஒன்று பளிச்சென்ற ஒளிக்கு, ஒன்று மினுக்குவதற்கு. கட்டங்கள் 768, ஆகவே 768 பைட். ஆக மொத்தம் 6,912 பைட்டில் வண்ணத் திரை முடிந்தது. இந்த முறைக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

நிறங்களுக்கு எண் கொடுத்த வரிசையிலும் ஒரு கரிசனம் தெரிகிறது. கறுப்பு, நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, சயான், மஞ்சள், வெள்ளை என்று 0 முதல் 7 வரை. அப்போது பல வீடுகளில் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கியது பழைய கறுப்பு-வெள்ளை டி.வி.யைத்தான். அதில் பார்த்தால் இந்த எட்டும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏறும் சாம்பல் நிறங்களாகத் தெரியும்.

சிக்கனத்துக்கு விலையும் இருந்தது. ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள்தான் இருக்க முடியும். மஞ்சள் உடை போட்ட ஒரு பாத்திரம் பச்சை மரத்துக்கு முன்னால் நடந்தால், அந்தக் கட்டத்தில் இருக்கும் இலைகளும் மஞ்சளாகிவிடும். ஸ்பெக்ட்ரமைக் கேலி செய்தவர்கள் முதலில் சொன்னது இதைத்தான். ஆனால் மேலே உள்ள கணக்கைப் பார்த்த பிறகு இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்ணமே இல்லாமல் போயிருக்க வேண்டிய இயந்திரத்துக்கு வண்ணம் கிடைத்தது இதனால்தான். விளையாட்டு எழுதியவர்களும் இதோடு வாழக் கற்றுக்கொண்டார்கள். 1984-ல் வந்த 'நைட் லோர்' ஒரு அறை முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்தது. அதன் முப்பரிமாணத் தோற்றத்தைக் கண்டவர்கள் நிறம் குறைந்ததைப் பொருட்படுத்தவில்லை.

டேப்பிலிருந்து ஒரு படம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விசித்திரம் நினைவிருக்கும். படம் மேலிருந்து கீழே நேராக வராது. முதலில் மேல் மூன்றில் ஒரு பங்கில் எட்டுக் கோடுகள் இடைவெளி விட்டுத் தோன்றும். பிறகு அவற்றுக்குக் கீழே அடுத்த எட்டு. இப்படி அந்தப் பங்கு நிரம்பியதும் நடுப் பங்கு, பிறகு கீழ்ப் பங்கு. கடைசியில் நிறங்கள் மளமளவென்று பரவும். ஏன் இந்தத் தாறுமாறான வரிசை?

விடை நினைவகச் சிப்பில் இருக்கிறது. அந்தக் காலத்து டைனமிக் ரேமில் ஒரு பைட்டைப் படிக்க முகவரியை இரண்டு தவணையில் கொடுக்க வேண்டும்: முதலில் வரிசை எண், பிறகு பத்தி எண். வரிசை மாறாமல் பத்தியை மட்டும் மாற்றினால் இரண்டாவது பைட் சீக்கிரம் கிடைத்துவிடும். யு.எல்.ஏ.வுக்கு ஒவ்வொரு எட்டுப் புள்ளிக்கும் இரண்டு பைட் தேவை, ஒன்று படத்துக்கு, ஒன்று நிறத்துக்கு. அந்த எட்டுப் புள்ளியையும் டி.வி. ஒரு மைக்ரோ வினாடிக்குச் சற்று மேலான நேரத்தில் வரைந்து தள்ளிவிடும். இரண்டு பைட்டையும் முழு முகவரி கொடுத்துப் படிக்க நேரம் போதாது. அதனால் படத்தின் பைட்டும் அதற்குரிய நிறத்தின் பைட்டும் ஒரே வரிசையில் விழும்படி முகவரிகளை ஆல்ட்வாஸர் அமைத்தார். அவற்றின் முகவரியில் கீழ் எட்டு பிட்டும் அச்சு அசலாக ஒன்றே. திரை குழம்பித் தெரிந்ததற்கு அதுதான் காரணம். புரோகிராமர்களுக்கு இதில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது: ஒரு கட்டத்துக்குள் அடுத்த கோட்டுக்கு இறங்க முகவரியின் மேல் பைட்டில் ஒன்றைக் கூட்டினால் போதும்.

யு.எல்.ஏ.தான் இயந்திரத்தின் கடிகாரமும். 14 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை வாங்கி, பாதியாக்கித் திரைப் புள்ளிகளுக்கு 7 மெகாஹெர்ட்ஸ், மறுபடி பாதியாக்கிச் செயலிக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தது. கீழ் 16 கிலோபைட்டில் திரை இருக்கிறது. அதே இடத்தில் புரோகிராமும் இருக்கிறது. யு.எல்.ஏ. திரையைப் படிக்கும் நேரத்தில் செயலியும் அங்கே கை நீட்டினால் என்ன ஆகும்? திரை காத்திருக்க முடியாது, காத்திருந்தால் படம் உடைந்துவிடும். அதனால் யு.எல்.ஏ. செயலிக்குப் போகும் கடிகாரத்தையே சற்று நிறுத்திவிடும். நேரம் போனதுகூடச் செயலிக்குத் தெரியாது. வேகம் வேண்டிய பகுதிகளை 32,768-க்கு மேலே உள்ள நினைவகத்தில் வைக்கும் பழக்கம் புரோகிராமர்களுக்கு வந்தது இதனால்தான். 16 கிலோபைட் மாடல் வாங்கியவருக்கு அந்த மேல்மாடி இல்லை.

ஒரு நினைவகத்தை இருவர் பங்கிட வேண்டுமென்றால் அவர்களுடைய கம்பிகளைத் தேவைப்படும்போது பிரித்துவைக்க வேண்டும். அதற்கென்றே பஃபர் சிப்கள் உண்டு. சிங்க்ளேரின் போர்டில் அவை இல்லை. செயலியின் கம்பிகளுக்கும் யு.எல்.ஏ.யின் கம்பிகளுக்கும் நடுவே வெறும் மின்தடைகளை வைத்தார்கள். யு.எல்.ஏ. பேசும்போது அதன் குரல் நினைவகத்துக்கு நேரடியாகக் கேட்கும். செயலியின் குரல் மின்தடையைத் தாண்டி வருவதால் அடங்கிப்போகும். யு.எல்.ஏ. சும்மா இருக்கும்போது செயலியின் குரல் தாராளமாகக் கேட்கும். ஒரு சிப்பின் வேலையைச் சில காசு பெறும் மின்தடைகள் செய்துவிட்டன. போர்டில் இவற்றைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதைவிடத் துணிச்சலான காரியம் 48 கிலோபைட் மாடலில் நடந்தது. கீழ் 16 கிலோபைட்டுக்கு 4116 என்ற சிப் எட்டு, ஒவ்வொன்றும் பைட்டில் ஒரு பிட்டை வைத்துக்கொள்ளும். மேலே இன்னும் 32 கிலோபைட் வேண்டும். 64 கிலோபிட் சிப்கள் அப்போதுதான் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன, விலை அதிகம். தயாரிப்பில் பல பழுதாயின. அவற்றில் சிலவற்றில் பழுது ஒரு பாதியில் மட்டும் இருக்கும். மறு பாதி சுத்தமாக வேலை செய்யும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இவற்றை 4532 என்று வேறு எண் போட்டு, 32 கிலோபிட் சிப்பாக மலிவாக விற்றது. திருப்பூரில் சொல்வதுபோல் சொன்னால் செகண்ட்ஸ் சரக்கு. சிங்க்ளேர் அதைத்தான் வாங்கினார். ஒரே நிபந்தனை, ஒரு போர்டில் போடும் எட்டுச் சிப்பிலும் நல்ல பாதி ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதைச் சொல்லப் போர்டில் ஒரு ஜம்பர் கம்பி. 48 என்ற எண்ணின் பிறப்பு ரகசியம் இதுதான்: 16-ம், 64-ல் பாதியும்.

வெளியுலகத்தோடு பேசும் வேலையும் யு.எல்.ஏ.வுக்கே. அதற்கு ஒரே ஒரு போர்ட், எண் 254. சரியாகச் சொன்னால் எந்த இரட்டைப்படை எண்ணுக்கும் அது பதில் சொல்லும், ஏனென்றால் முகவரியின் கடைசி பிட் பூஜ்யமா என்று மட்டும்தான் பார்க்கும். அந்த ஒரு போர்ட்டில் எழுதினால் திரையின் ஓரத்து நிறம் மாறும், ஸ்பீக்கர் அசையும், டேப்புக்குச் சமிக்ஞை போகும். அதையே படித்தால் கீபோர்டில் எந்த கீ அழுத்தியிருக்கிறது என்பதும் டேப்பிலிருந்து வரும் ஒலியும் கிடைக்கும். 40 கீகளை எட்டு அரை வரிசைகளாகப் பிரித்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து. மூடியைத் திறந்ததும் கண்ட எட்டுத் தடமும் ஐந்து தடமும் இவைதான்.

ஒலிக்கென்று தனிச் சிப் இல்லை. ஸ்பீக்கரை உள்ளே இழு, வெளியே தள்ளு என்ற ஒற்றை பிட்தான். இசை வேண்டுமென்றால் செயலியே உட்கார்ந்து அந்தப் பிட்டை மாற்றி மாற்றி எழுத வேண்டும். 1983-ல் மாத்யூ ஸ்மித் 'மேனிக் மைனர்' எழுதினார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒற்றை பிட்டில் இசையையும் ஓடவிட்டார். டேப் ஏறும்போது திரையோரத்தில் ஓடுமே சிவப்பு-சயான் பட்டைகள், பிறகு நீலம்-மஞ்சள் பட்டைகள்? அதுவும் இதே போர்ட்டின் வேலை. டேப்பின் துடிப்பைக் காணும்போதெல்லாம் ரோமின் புரோகிராம் ஓரத்து நிறத்தை மாற்றியது. கேசட் சரியாகப் படிக்கிறது என்பதைக் காட்ட இதைவிட மலிவான வழி இருக்க முடியாது.

ரோமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிதாக எழுத நேரமும் பணமும் ஒதுக்காமல் இசட்எக்ஸ்81-ன் பேசிக்கையே விரித்து எழுதச் சொன்னார்கள். அதனால் பேசிக் மெதுவாகவே ஓடியது. பின்னால் திருத்தலாம் என்ற எண்ணத்தில் முழுமை பெறாத ரோமோடு இயந்திரம் வெளியே போயிற்று. விற்பனை பெருகியபின் திருத்த வழியில்லை. ரோமின் கடைசிப் பகுதியில் ஆயிரம் பைட்டுக்கு மேல் காலி இடம் கடைசிவரை அப்படியே இருந்தது.

1982 ஏப்ரல் 23-ம் தேதி லண்டனில் ஸ்பெக்ட்ரமை அறிமுகப்படுத்தினார்கள். 16 கிலோபைட் 125 பவுண்டு, 48 கிலோபைட் 175 பவுண்டு. தபாலில் பணம் கட்டியவர்களுக்கு 28 நாளில் வரும் என்று சொன்ன பெட்டி மாதக்கணக்கில் வரவில்லை. முதல் யு.எல்.ஏ.யில் ஒரு பிழையும் இருந்தது. புதிய யு.எல்.ஏ. செய்துவரும்வரை தயாரிப்பை நிறுத்த மனமில்லாமல், ஒரு சாதாரண லாஜிக் சிப்பைக் கவிழ்த்துப் போட்டுக் கால்களில் ஒயர் பற்றவைத்துச் சரிசெய்தார்கள். மல்லாந்து கால் தூக்கிக் கிடந்த அந்தச் சிப்புக்கு ஆர்வலர்கள் வைத்த பெயர் 'செத்த கரப்பான்'. இரண்டாம் பதிப்புப் போர்டிலும் ஒரு டிரான்சிஸ்டரைச் செயலியின் மேல் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. பிறகு வந்தவற்றில் யு.எல்.ஏ. திருந்தியது.

ஆல்ட்வாஸரும் விக்கர்ஸும் அறிமுகம் முடிந்த கையோடு விலகி, ஜூபிடர் கான்டாப் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அதே வருடம் அவர்கள் கொண்டுவந்த ஜூபிடர் ஏஸில் யு.எல்.ஏ. கிடையாது, கடையில் கிடைக்கும் லாஜிக் சிப்களை வைத்தே கட்டினார்கள். வெகு சில ஆயிரம் விற்பதற்குள் 1983-ல் கம்பெனி மூழ்கிப்போனது. ஸ்பெக்ட்ரமோ 50 லட்சத்துக்கு மேல் விற்றது. 1986-ல் சிங்க்ளேர் கம்ப்யூட்டர் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராடுக்கு விற்றார். 1992-ல் தயாரிப்பு நின்றது.

சோவியத் நாட்டில் ஃபெரான்டி சிப் கிடைக்காது. அங்கிருந்த பொறியாளர்கள் ஸ்பெக்ட்ரம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துப் பார்த்து, யு.எல்.ஏ. செய்வதைச் சாதாரணச் சிப்களால் கட்டினார்கள். லெனின்கிராட், பென்டகன் என்ற பெயர்களில் அந்த இயந்திரங்கள் வீட்டுப் பட்டறைகளில்கூடப் பிறந்தன. பென்டகனில் செயலியை நிறுத்திவைக்கும் வழக்கமே இல்லை. இந்தியாவிலும் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்று விற்றது.

யு.எல்.ஏ.வுக்குள் என்ன இருக்கிறது என்பது வெகுநாள் வெளியே தெரியாமல் இருந்தது. கிறிஸ் ஸ்மித் என்பவர் சிப்பின் மேலோட்டை நீக்கி, உள்ளே இருந்த சிலிக்கானைப் படமெடுத்து, உலோகக் கோடுகளைத் தொடர்ந்து சென்று முழுச் சுற்றையும் மீட்டெடுத்தார். 2010-ல் அதைப் புத்தகமாக்கினார். ஒரு மலிவுக் கம்ப்யூட்டரை வடிவமைப்பது எப்படி என்று கற்க நினைக்கும் மின்னணுவியல் மாணவருக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய சாமான் கடையிலோ ஒரு ஸ்பெக்ட்ரம் அகப்பட்டால் உடனே கரன்ட் கொடுத்துவிடாதீர்கள். அதன் 9 வோல்ட் அடாப்டரில் பிளக்கின் நடுப்பகுதி நெகட்டிவ். இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அதற்கு நேர்மாறானவை. 4116 சிப்களுக்கு +5, -5, +12 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும். போர்டில் டிஆர்4 என்று குறித்த டிரான்சிஸ்டர் போய்விட்டால் -5 நின்று, கீழ் நினைவகம் முழுவதும் கருகிவிடும். கரன்ட் ஓடும்போது பின்பக்க இணைப்பில் எதையாவது செருகுவது அந்த டிரான்சிஸ்டரைக் கொல்லும் நிச்சயமான வழி. முதலில் ஐந்து திருகையும் கழற்றி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஃபெரான்டி 1993-ல் திவாலாகிவிட்டது, அசல் யு.எல்.ஏ. இனி எந்த ஆலையிலிருந்தும் வரப்போவதில்லை.